கேள்வி பதில்: ஈரச் சுவரும் காய்ந்த சுவரும்

கேள்வி: திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களைப் பார்த்தேன். இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலச் சுவரோவியங்களும் இதே முறையில் எழுதியவையா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: காலம் நெருக்கம்தான், முறை வேறு. நம் பக்கத்து நாயக்கர் காலச் சுவரோவியங்கள் பெரும்பாலும் காய்ந்த பூச்சின்மேல் பிசின் கலந்த வண்ணத்தால் எழுதியவை. ரோமில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை ஈரச் சாந்தில் வரைந்தார்.

ஈர முறையில், நன்றாக ஊறிய களிச்சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு சேர்த்து முதலில் சொரசொரப்பாகப் பூசுவார்கள். அது காய்ந்தபின் சுவரை நனைத்து, அன்றைக்கு வரைய முடிகிற இடத்துக்கு மட்டும் மெல்லிய மேல்பூச்சு. முழு அளவு மாதிரித் தாளின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் முடிச்சால் தட்டினால் சுவரில் புள்ளிக்கோடு விழும். நிறத்தைத் தண்ணீரில் மட்டும் குழைப்பார்கள், பசை கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள் பிடிபட்டுவிடும். சில மணி நேரம்தான் அவகாசம். வரையாமல் மிஞ்சிய சாந்தைக் கரணையால் ஓரம் சரித்து வெட்டி எறிந்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து தொடங்குவார்கள். பக்கவாட்டில் விளக்குப் பிடித்தால் அந்த ஒட்டு இன்றும் தெரியும்.

எல்லா நிறமும் இதற்கு ஆகாது. காவி, மஞ்சள் காவி, பச்சைமண், கரி ஆகியவை சுண்ணாம்பைத் தாங்கும். ஈயவெள்ளை கறுத்துவிடும் என்பதால் வெள்ளைக்கும் சுண்ணாம்புதான். சாந்தில் தண்ணீர் கூடினாலும் கெடும். பிரளயக் காட்சியை வரைந்தபோது மைக்கேலாஞ்சலோவுக்கே பூசணம் பூத்தது. கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்கால்லோ வந்து பார்த்து, சாந்தின் ஈரம்தான் காரணம் என்று சொன்ன பிறகே வேலை தொடர்ந்தது.

கேள்வி: லியொனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ ஓவியம் ஏன் அவ்வளவு சிதைந்தது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அவர் நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைபவர்; ஈரச் சாந்து அதற்குக் காத்திருக்காது. அதனால் மிலான் மடத்து உணவறையின் காய்ந்த சுவரில், முட்டையும் எண்ணெயும் சேர்ந்த வண்ணத்தால் 1495 முதல் 1498 வரை வரைந்தார். சுவரில் ஈரம் ஏறியதும் பிடிப்பு விட்டது. 1517-இல் அதைப் பார்த்த ஒரு பயணியே ஓவியம் கெடத் தொடங்கியதாக எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் ஓவியங்களில் விளக்குப் புகை படிந்திருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் துடைக்கலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஈரத்துணி பட்டால் பிசின் இளகி நிறம் துணியோடு வந்துவிடும். வார்னிஷ் பளபளப்பாக இருக்கும். ஆனால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் நிறம் ஏடு ஏடாகப் பெயரும். வெள்ளையடிப்பது ஓவியத்தையே அழிப்பது.

முதலில் மேல்தளத்து ஒழுக்கை அடைத்துவிடுங்கள். அதற்கும் சிமென்ட் கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும். சிமென்டின் உப்பு தண்ணீரோடு சுவருக்குள் இறங்கி, ஓவியத்தின்மேல் வெள்ளையாகப் பூத்து நிறத்தைத் தள்ளிவிடும். விளக்குகளைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். வௌவால் நுழையும் சாளரங்களுக்கு வலை கட்டுங்கள். ஒவ்வொரு சுவரையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, திருப்பணி தொடங்குவதற்கு முன்பே அறநிலையத் துறைக்கு எழுத்தில் கொடுத்து, ஓவியப் பாதுகாப்பு வல்லுநரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர் வரும்வரை அந்தச் சுவர்களை ஒட்டிச் சாரம் கட்டவும் விடாதீர்கள்.