எம்62 நடுவே நிற்கும் பண்ணை வீடு: விற்க மறுத்ததால்தான் சாலை பிரிந்ததா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு மோட்டார்வே நடுவில் பண்ணை வீடு இருக்கிறது. நிலத்தைத் தர முடியாது என்று விவசாயி பிடிவாதமாக நின்றதால், சாலையை இரண்டாகப் பிரித்து வீட்டுக்கு இரண்டு பக்கமும் கொண்டுபோனார்களாமே, உண்மையா?

இல்லை.

அந்த ஃபார்வர்டு எனக்கும் நாலைந்து முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் விவசாயியின் வீரம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாக வந்ததில் கையில் துப்பாக்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஹடர்ஸ்ஃபீல்டில் மூன்று வருடம் மண் பரிசோதனை வேலையில் இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் மான்செஸ்டருக்குப் போய்வர வேண்டும், அதுவும் இதே சாலையில். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டின் பெயர் ஸ்டாட் ஹால் பண்ணை. 1737-இல் கட்டியது. சாலை எம்62 என்ற மோட்டார்வே, அதாவது அதிவேக நெடுஞ்சாலை, மேற்கே லிவர்பூல் பக்கமிருந்து கிழக்கே ஹல் பக்கம் வரை போவது. நடுவில் பென்னைன் மலைத்தொடரைத் தாண்டுகிறது. முதலில் ஒரு சின்ன விஷயம்: பண்ணையில் இருப்பவர்கள் குத்தகைக்காரர்கள், நிலம் தண்ணீர் நிறுவனத்துடையது. விற்க மறுப்பதற்கு அது அவர்கள் நிலமே இல்லை. சொந்த நிலமாக இருந்திருந்தாலும், சாலைக்கு என்று அரசு முடிவெடுத்துவிட்டால் கட்டாயமாகக் கையகப்படுத்தச் சட்டம் இருக்கிறது. நம் ஊர் எட்டுவழிச் சாலை சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் பிரிந்தது? அந்த இடத்தில் பூமிக்கடியில் பாறை பிளந்து விலகியிருக்கிறது. மலையும் சரிவு. ஆறு லேனையும் ஒரே மட்டத்தில் போட வேண்டுமானால் சரிவை ஏகத்துக்கும் குடைய வேண்டும், குடைந்த பக்கம் நிற்குமா என்பது அடுத்த கவலை. போகும் தடத்தையும் வரும் தடத்தையும் தனித்தனியாக, வெவ்வேறு உயரத்தில் போட்டுவிட்டால் தொல்லை குறைவு. அப்படிப் போட்டார்கள், வீடு நடுவில் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டதா தப்பித்ததா என்பது நீங்கள் பார்க்கும் விதம். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போக சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது.

ஆக, அங்கே பிடிவாதம் பிடித்தது மனிதன் இல்லை, தரை. அந்தத் தரையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

பென்னைன் உச்சியில் மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை காய்ந்த பழுப்புப் புல், ஹெதர் புதர், அதன் மேல் எப்போதும் காற்று. மூர் என்பார்கள். மேலே நடந்தால் மெத்தையில் நடப்பது போல இருக்கும், ஏனென்றால் நிஜமாகவே மெத்தைதான். கீழே பீட். ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பாசியும் புல்லும் செத்து, தண்ணீரில் ஊறி, காற்றுப் படாததால் மட்காமல் அடுக்கடுக்காகத் தங்கிப்போன கறுப்புச் சேறு. வருடத்துக்கு 1 மில்லிமீட்டர் சேர்ந்தால் அதிகம். சாலை போன வழியில் சில இடங்களில் இது 6 மீட்டர் வரை கிடந்தது. எத்தனை ஆயிரம் வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளிப் பள்ளங்களிலும் பீட் உண்டு. ஊட்டிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஓய்வு பெறப்போகிற வயதில் இருந்த எங்கள் மேற்பார்வையாளர் துளைக்கருவியில் வந்த ஒரு பிடி பீட்டை என் உள்ளங்கையில் வைத்து, "பிழி" என்றார். பிழிந்தேன். டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கை வரை நனைத்தது. கையில் மிஞ்சியது ஈரத் தேங்காய்நார் மாதிரி ஒரு சின்ன உருண்டை, அவ்வளவுதான். வேடிக்கைக்காகச் செய்யச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். அதுதான் பரிசோதனையே! ஃபான் போஸ்ட் என்ற ஸ்வீடன்காரர் வகுத்த அளவுகோல். பிழிந்தால் தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தால் 1, மொத்தச் சேறும் விரலிடுக்கில் வழிந்து கையில் ஒன்றுமே மிஞ்சாவிட்டால் 10. லட்சக்கணக்கில் விலை போட்ட மெஷின்கள் இருக்கும் லேபில் இதையும் ஒரு படிவத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். பீட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக இருக்கும். அதன் மேல் சாலை போட்டால் ஒரே நாளில் அமுங்காது. வருடக்கணக்கில், ஓர் இடத்தில் அதிகமாக, பக்கத்து இடத்தில் குறைவாக, அமுங்கிக்கொண்டே இருக்கும்.

1961-இல் யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங் மாவட்டத்தின் சர்வேயர் கர்னல் மேனார்ட் லவெல் தலைமையில் இந்த மலையை அளக்கத் தொடங்கியபோது, முதல் எதிரி இந்தச் சேறுதான். கடைசியில் எடுத்த முடிவு எளிமையானது, முரட்டுத்தனமானதும்கூட: மொத்தத்தையும் வாரி எடு, பாறை தெரியும் வரை தோண்டு, அந்தக் குழியைக் கல்லால் நிரப்பு. சொல்ல எளிது. வாருகிற மெஷின் எங்கே நிற்கும்? பீட் மேல் நின்றால் அதுவும் உள்ளே போகும். கல் கொட்டிக் கெட்டியான இடத்தில் நின்றபடி முன்னால் இருப்பதைத் தோண்ட வேண்டும், அங்கே கல்லைக் கொட்ட வேண்டும், அதன் மேல் நகர வேண்டும். மழை, மூடுபனி, காற்று. வேலைக்கு லாயக்கான மாதங்கள் வருடத்தில் சொற்பம்.

பனிப்பொழிவு அடுத்த பிரச்சினை. 22-ஆம் ஜங்ஷன் அருகே விண்டி ஹில்லில் சாலை 372 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. இங்கிலாந்தின் மோட்டார்வேக்களில் இதுதான் உச்சம். கொடைக்கானல் போனவர்களுக்கு 372 சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அட்சரேகையில், அந்தக் காற்றில், அந்த உயரம் போதும். மேட்டில் போகும் சாலையில் விழுந்த பனியைக் காற்றே துடைத்துக்கொண்டு போய்விடும். பள்ளத்தில் போகும் சாலையை அதே காற்று பனியால் நிரப்பிவிடும். ஒரு ஜனவரியில் அந்த ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் நான் நாலு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்தது மத்தியானம் மிஞ்சிய அரை டப்பா எலுமிச்சை சாதம்.

பள்ளமே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. கனரக லாரி ஏறுகிற சாய்வு வேண்டுமே. டீன் ஹெட் என்ற இடத்தில் மலையை 50 மீட்டர் அளவுக்கு ஆழமாக வெட்டினார்கள். மில்ஸ்டோன் கிரிட் என்ற மணற்பாறை, பேரே திரிகைக்கல்தான். அந்த வெட்டுக்கு மேலே ஓர் உள்ளூர்ச் சாலை போக வேண்டியிருந்தது, அதற்குத்தான் ஸ்கேமண்டன் பாலம். நடுவில் தூணே இல்லாமல் ஒரே கண், 125 மீட்டர் கான்கிரீட் வில். மோட்டார்வேயிலிருந்து 36 மீட்டர் உயரம். கீழே காரில் போகும்போது, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே யாரோ கோடு கிழித்தது போல ஒரு நொடி தெரிந்து மறையும். ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருந்த மதுக்கடையின் பேரை வைத்து பிரவுன் கௌ பாலம் என்பார்கள், அதாவது பழுப்பு மாட்டுப் பாலம். 'கட்டியபோது உலகிலேயே மிக நீளமான ஒற்றைக்கண் பாலம்' என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். சிட்னியின் கிளேட்ஸ்வில் பாலம் 1964-லேயே 305 மீட்டர்.

எனக்கு இந்தச் சாலையில் ரொம்பப் பிடித்தது அடுத்து வருவதுதான். வெட்டி எடுத்த பாறையை எங்கே கொட்டுவது? கொஞ்சம் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கு, அதைத் தாண்டச் சாலைக்கு உயரமான கரை வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டு நகராட்சிக்கோ குடிநீருக்கு அதே பள்ளத்தாக்கில் ஓர் அணை வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிட்டது! வெட்டிய பாறையைக் கொண்டுவந்து 73 மீட்டர் உயரத்தில் அணை கட்டி, அதன் தலைமேலேயே மோட்டார்வேயைப் போட்டார்கள். பிரிட்டனில் அணை மேல் போகும் மோட்டார்வே இது ஒன்றுதான். 1971 அக்டோபரில் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். அணை மேல் போகிறோம் என்று என் மனைவிக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். பக்கத்தில் ஏரி இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஏரிக்கு அடியில் டீன்ஹெட் என்ற சிற்றூர் போய்விட்டது. விவசாயியின் வீரத்தை ஃபார்வர்டு செய்கிறவர்கள் யாரும் அந்த ஊரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

மேற்குப் பக்கம் ரேக்வுட் என்ற இடத்தில் 250 மீட்டர் நீளத்துக்கு ஓர் உயரப் பாலமும் உண்டு. காற்றடிக்கும் நாளில் அதன் மேல் காலி லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்றைக்கு இதே சாலையைப் போட விடுவார்களா? இந்த முறையில் கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன். பீட் என்பது சேமித்துவைத்த கார்பன். வாரி வெளியே போட்டால் காய்ந்து, மட்கி, கரியமில வாயுவாகப் போகும். இப்போது அதே பென்னைன் மேட்டில், அரித்துப்போன கறுப்புத் தரையில் பாசியைக் கையால் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோண்டிய தலைமுறைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அது வெறும் சேறு. ஆனால் என் கையில் பிழிந்த அந்த ஒரு பிடி பல நூறு வருடத்துச் சரக்கு என்று தெரிந்த பிறகு, மிச்சத்தைக் குப்பைக் கூடையில் போடக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

போய்ப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வேண்டுகோள்: பண்ணையைப் படம் எடுக்கிறேன் என்று மோட்டார்வே ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். அது வண்டி பழுதானால் ஒதுங்குவதற்கான இடம், போலீஸ் பிடிக்கும். விண்டி ஹில்லில் தொலைத்தொடர்புக் கோபுரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏ672 சாலையோரம் காரை விட்டுவிட்டு நடந்தால், பென்னைன் வே நடைபாதை மோட்டார்வேயைத் தாண்டும் ஒல்லியான கான்கிரீட் நடைபாலம் வரும். அதன் நடுவில் நின்று கீழே பாருங்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், என்னுடையது லிவர்பூல் பக்கம் போன ஒரு லாரி மேல் விழுந்து போயே போய்விட்டது.