குத்துச்சண்டைப் பயிற்சியில் பேக்கில் (தொங்கவிட்ட குத்துப் பையில்) குத்தினால் மணிக்கட்டு வலிக்கிறது, குத்தில் பலமும் இல்லை. எங்கே தவறு?

வலது கைப் பழக்கம் உள்ளவர், புதிதாகச் சேர்ந்தவர், முதல் நாளிலிருந்தே பேக்கை முழு வேகத்தில் குத்துகிறவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் வலி. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து உள்ளங்கைக்குள் சுருட்டுங்கள். கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் குறுக்காகப் படியட்டும். உள்ளே வைத்து மூடினால் அது உடையலாம். குத்து விழவேண்டிய இடம் ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகள். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எலும்புகள் மணிக்கட்டோடு ஆடாமல் பொருந்தியிருப்பதால் விசை நேரே முன்கைக்குப் போகும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மெலிந்தது, ஆடக்கூடியது. 'பாக்ஸர் முறிவு' என்கிற எலும்பு முறிவு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

புறங்கையின் மேல் ஒரு ஸ்கேலை வையுங்கள். முன்கை வரை அது படிந்து நிற்க வேண்டும். முஷ்டி சரியாக இருந்தும் வலித்தால் முழங்கையைப் பாருங்கள். குத்தும்போது முழங்கை வெளியே விரிந்தால் முஷ்டி பேக்கில் சாய்வாகப் பட்டு மணிக்கட்டு மடியும். கண்ணாடி முன் மெதுவாகக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"பெரிய க்ளவுஸ் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். 16 அவுன்ஸ் க்ளவுஸின் பஞ்சு முட்டியைக் காக்கும், மணிக்கட்டு மடிவதைத் தடுக்காது. அதற்கு 4.5 மீட்டர் கைக்கட்டுத் துணி வேண்டும். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளில் மூன்று சுற்று, மிச்சத்தை மறுபடி மணிக்கட்டில் முடியுங்கள். விரல் மரத்துப்போனால் கட்டு இறுக்கம். "வலிக்க வலிக்கத்தான் கை உறுதிப்படும்" என்று புதியவர்களிடம் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கடுங்கோபம் உண்டு. மூட்டு வலியைப் பொறுத்துக்கொள்வது பயிற்சியே இல்லை.

அடுத்து பலம். அது காலில் இருக்கிறது. இடது கால் முன்னால், இரு பாதங்களுக்கும் நடுவே தோள் அகலம், ஒரே கோட்டில் நிற்காதீர்கள். முழங்கால் லேசாக மடங்கி, பின்குதிகால் சற்றுத் தூக்கியிருக்கட்டும். வலது குத்தில் முதலில் திரும்புவது பின்காலின் முன்பாதம், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. குதிகால் தரையில் அழுந்தியிருந்தால் இடுப்பு திரும்பாது, கை மட்டும் தனியாகப் போகும். தலை முன்முழங்காலைத் தாண்டவே கூடாது.

ஜாப், அதாவது முன்கையான இடது கையின் நேர்க்குத்து, மோவாய்ப் பக்கத்திலிருந்து நேராகப் போய், அதே வழியில் திரும்பி வரவேண்டும். முஷ்டியைத் தளர்வாக விட்டு, படும் நொடியில் மட்டும் இறுக்கி மூச்சை விடுங்கள். இடது தோள் மோவாயை மறைக்கட்டும், வலது கை கன்னத்தை விட்டு இறங்க வேண்டாம். குத்து முடியும்போது குத்தும் கையின் உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பும். சில கோச்சுகள் முஷ்டியைச் செங்குத்தாகவே விடச் சொல்வார்கள். அதுவும் சரிதான், இதற்காக யாரும் என்னோடு வாதாட வேண்டாம். காற்றில் குத்தும்போது முழங்கையை முழுதாக நீட்டிப் பூட்டாதீர்கள், மூட்டு கெடும். ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) இப்போதைக்கு வேண்டாம்.

மூன்று நிமிடம் குத்து, ஒரு நிமிடம் ஓய்வு. முதல் இரண்டு சுற்று பாதி விசை போதும். சத்தம் 'பட்' என்று கேட்க வேண்டும். பேக் தூரமாக ஊசலாடினால் குத்தாமல் தள்ளுகிறீர்கள்.

சுண்டுவிரல் முட்டி உள்வாங்கினாலோ, கட்டைவிரலின் அடிக்குழியை அழுத்தினால் வலித்தாலோ பேக்கை விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். அந்தக் குழியில் உள்ள சிறு எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி நீடித்தால் மருத்துவரிடம் மறுபடி போங்கள்.