ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் பிரெஞ்சுத் தொடர்களின் பொருள் என்ன?

ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் கல்யாணப் பத்திரிகைகளின் கீழே, கைபேசி எண்களுக்கு மேல் "ஆர்.எஸ்.வி.பி." என்று போட்டிருப்பதால், அதற்குத் 'தொடர்புக்கு' என்றே பலர் பொருள் கொள்கிறார்கள். அதன் விரிவு "ரெப்போந்தே சில் வூ ப்ளே", அதாவது 'தயவுசெய்து பதில் தெரிவியுங்கள்'. வருவீர்களா, மாட்டீர்களா என்று முன்கூட்டியே சொல்லும்படி கேட்கும் வேண்டுகோள் அது. 'தயவுசெய்து' அதற்குள்ளேயே இருப்பதால், "ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி." என்பது 'கேட்டு வாசல்' போன்ற கூறியது கூறல்.

பிரெஞ்சு படித்தபோது நான் கண்டது, இத்தொடர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பொருளும் பிரான்சில் வேறொரு பொருளும் இருக்கக்கூடும் என்பதே. அமெரிக்க உணவகத்தில் 'ஆந்த்ரே' என்றால் முதன்மை உணவு. பிரான்சிலோ அதற்கு முன் வரும் சிறு உணவு. கச்சேரி முடிவில் ஆங்கிலேயர் 'இன்னொரு முறை' என்ற பொருளில் "ஆன்கோர்" என்று குரல் கொடுக்க, பிரெஞ்சுக்காரர் "பிஸ்" என்ற லத்தீன் சொல்லைச் சொல்கிறார்கள். முட்டுச்சந்தைக் குறிக்கும் 'குல் த சாக்' என்பதற்குச் 'சாக்கின் அடிப்பகுதி' என்பது நேர்ப்பொருள். அதன் முதற்சொல் கொச்சையானது என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்து, 'எம்பாஸ்' என்ற சொல்லை ஆதரித்தார், அதுவே இன்று பிரெஞ்சுத் தெருப்பலகைகளில் பெரிதும் காணப்படுகிறது. 'தேஜா வூ' என்பது 'ஏற்கெனவே கண்டது'. புதிய இடத்தில் முன்பே வந்துபோனது போன்ற உணர்வுக்கு அப்பெயரை 1876இல் எமில் புவாராக் என்ற பிரெஞ்சு அறிஞர் பயன்படுத்தினார், ஆனால் பிரெஞ்சுப் பேச்சில் அது 'புதுமையற்றது' என்ற குறையையும் சுட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, விமானிகள் ஆபத்தில் உதவி கேட்டு வானொலியில் சொல்லும் 'மேடே'. அதற்கும் மே தினத்துக்கும் தொடர்பில்லை. 1920களின் தொடக்கத்தில் லண்டனின் குராய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்கும் இடையே போக்குவரத்து மிகுந்திருந்தது; தந்திக்குப் பொருந்திய 'எஸ்.ஓ.எஸ்.' என்ற ஆபத்துக் குறி குரல்வழிச் செய்தியில் தெளிவாக ஒலிக்காததால், இரு நாட்டவருக்கும் விளங்கும் ஆபத்துச் சொல் ஒன்று தேவைப்பட்டது. அப்போது குராய்டனின் வானொலி அலுவலர் பிரெடெரிக் மாக்ஃபோர்டு, 'எனக்கு உதவுங்கள்' என்ற பொருள் தரும் பிரெஞ்சு 'மெதே'யின் ஒலியைக் கொண்டு இச்சொல்லை அமைத்ததாகச் சொல்லப்படுகிறது. 'மெதே' இலக்கணப்படி தனித்து நிற்காது. 'வந்து எனக்கு உதவுங்கள்' என்ற முழுத்தொடரின் வால் என்று கொண்டால்தான் பொருந்தும். இன்று பிரெஞ்சு விமானியும் ஆபத்தில் மும்முறை "மேடே" என்றே வானொலியில் சொல்கிறார். தெருவில் உதவி தேடும் பிரெஞ்சுக்காரரோ "ஓ செகூர்" என்றுதான் கத்துவார்.