வியாழக்கிழமை வரும் வண்டி

ஜேர்மனியின் சிறு ஊர்களில் இருந்து வந்த கேள்விகள் சில. அகதிகளுக்கான நடமாடும் ஆலோசனை வண்டியில் ஊர் ஊராகப் போகிறவன் என்பதால் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

கேள்வி: மாதத்தில் இரண்டு வியாழன்தான் எங்கள் ஊருக்கு வண்டி வரும். நேற்று மஞ்சள் கவரில் அசூல் (அகதி விண்ணப்ப) முடிவுக் கடிதம் வந்தது. அடுத்த வியாழன் வரை வைத்திருக்கலாமா?

பதில்: வைத்திருக்காதீர்கள். முதலில் அந்தக் கவரை எறியாதீர்கள். தபால்காரர் கொண்டுவந்த தேதி அதன் மேல்தான் எழுதியிருக்கும். கெடு அதிலிருந்தே ஓடுகிறது. நிராகரிப்பு என்றால் வழக்குப் போடப் பொதுவாக 2 வாரம். கோரிக்கை வெளிப்படையாகவே ஆதாரமற்றது என்று எழுதியிருந்தால் 1 வாரம்தான். உங்களுக்கான கெடு எது என்பது கடிதத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும். கவரையும் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து ஆலோசகருக்கு இன்றே அனுப்புங்கள். எம்பேஓன் (mbeon) என்ற குடியேற்ற ஆலோசனைச் செயலியில் இலவசமாக அரட்டை வழி கேட்கலாம். டொச்சிலோ (ஜேர்மன் மொழி) ஆங்கிலத்திலோ எழுதினால் போதும். வக்கீல் கிடைக்கவில்லையா? கடிதத்தில் சொல்லியிருக்கும் நிர்வாக நீதிமன்றத்துக்கு நேரே போங்கள். அங்கே நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி, வழக்காகப் பதிந்துகொள்ள ஆள் இருக்கிறார். பஸ் காசு போனாலும் பரவாயில்லை.

கேள்வி: அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இருப்பது நீடர்சாக்சன் மாநிலத்தில் ஒரு கிராமம். ஹம் நகரில் மாமா, கோயில், தமிழ்க் கடை எல்லாம் இருக்கு. போய்விடலாமா?

பதில்: சொல்லாமல் போனால் அங்கே உதவிப் பணம் கிடைக்காது. 2016 சட்டப்படி, ஏற்கப்பட்டவர் 3 வருடம் தனக்கு ஒதுக்கிய மாநிலத்திலேயே இருக்க வேண்டும். ஹம் வேறு மாநிலம். மாமா இருக்கிறார் என்பது காரணமாகாது. வாரம் 15 மணி நேரமாவது காப்புறுதியோடு வேலை, செலவைத் தாங்கும் சம்பளம், அல்லது தொழிற்பயிற்சி இடம் கிடைத்தால் கட்டுப்பாட்டை நீக்கக் கேட்கலாம். ஒப்பந்தம் கையில் வந்த பிறகு வெளிநாட்டவர் அலுவலகம், அப்புறம்தான் வீடு மாறுவது.

கேள்வி: இலங்கை லைசென்ஸ் வைத்திருக்கிறேன். ஓடலாமா?

பதில்: குடியேறி 6 மாதம் வரை. பிறகு எழுத்து, ஓட்டம் இரண்டு தேர்வும் எழுத வேண்டும்; கட்டாய வகுப்பு மட்டும் கிடையாது. எழுத்துத் தேர்வு அரபியில் உண்டு, தமிழில் இல்லை.

கேள்வி: எங்கள் தேவாலயக் குழு வேன் வாங்கி ஆலோசனை தொடங்க நினைக்கிறது. என்ன வேண்டும்?

பதில்: வேன் பிறகு. மாறாத நாள், மாறாத நேரம், கதவு உள்ள ஓர் அறை. ஊர் மன்றத்தில் கேட்டுப் பாருங்கள். நாங்கள் ஆரம்பத்தில் வண்டியை ஹைம் (அகதிகள் தங்கும் விடுதி) வாசலிலேயே நிறுத்தினோம். யார் ஏறுகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று அத்தனை ஜன்னலும் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. சூப்பர் மார்க்கெட் பக்கம் மாற்றியதும் வந்தார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள், தொலைபேசியில் ஒருவரைப் பிடியுங்கள். சட்ட ஆலோசனை சொல்வதென்றால், சட்டம் படித்த ஒருவர் உங்களை வழிநடத்த வேண்டும் என்பது விதி. பிரிண்டருக்கு மை நிறைய வாங்குங்கள்.