கல் மெருகேற்றும் பரலுக்குள் வெள்ளை நுரை: மெசின் பழுதா, போட்ட கல் பிழையா?

கேள்வி: கற்களை உருட்டி மெருகேற்றும் சின்ன மெசின் ஒன்றை ஒன்லைனில் வாங்கினேன். நிலாவெளிக் கடற்கரையில் பொறுக்கிய கற்களோடு வெருகல் ஆற்றுப் பக்கம் எடுத்த சில கற்களையும் போட்டு, அதே ஆளிடம் பைக்கற்றில் வாங்கிய கறுப்புத் தூளும் தண்ணீரும் விட்டு ஓடவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் மூடி உப்பியிருக்கிறது, திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது, உள்ளே வெள்ளை வெளேரென்று தடித்த கூழ், மேலே நுரை, அழுகல் மணம் வேறு. விற்றவர் "நீங்கள் பாவித்த முறை பிழை" என்கிறார். மெசினைத் திருப்பிக் கொடுக்கலாமா?
(உப்புவெளி வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். மோட்டார் நிற்காமல் சுற்றுகிறது, பரல் (கற்கள் உருளும் மூடிய பாத்திரம்) ஒழுகவில்லை என்றால் மெசினில் பிழை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே போனவற்றை.

முதல் கட்டத்தில் வரும் கூழ் சாம்பல் நிறமாக, தண்ணீரில் கரைத்த சீமெந்து போல ஓரளவு தளர்வாக இருக்க வேண்டும். உங்களுக்கு வெள்ளையாகத் தடித்து வந்ததென்றால் மென்மையான ஏதோ ஒன்று மாவாக அரைபட்டிருக்கிறது. நிலாவெளியில் கரையொதுங்கும் வெள்ளைத் துண்டுகளில் நிறைய முருகைக்கல்லும் சிப்பியும்தான், கையில் எடுத்தால் கல் மாதிரியே இருக்கும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அவற்றின் கடினம் 3 முதல் 4 வரை, ஆற்றுக் கற்களில் உள்ள குவாட்ஸ் என்ற கடினமான கனிமம் 7. இரண்டையும் ஒரே பரலில் போட்டால் மென்மையானது கரைந்து கூழைத் தடிக்க வைக்கும், கூழ் தடித்தால் கற்கள் உருளாமல் சறுக்கும், அப்புறம் குவாட்ஸும் தேயாது. முருகைக்கல்லின் துளைகளுக்குள் காற்றும் பாசியும் கடல் உயிர்களின் மிச்சமும் இருக்கும். நம் வெக்கைக்கு, மூடிய பரலுக்குள் அது அழுகினால் மணமும் வாயுவும் வரத்தான் செய்யும். கற்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிச் சரியாக அலசாவிட்டாலும் நுரைக்கும்.

பிரித்தெடுப்பது சுலபம். ஒவ்வொரு கல்லிலும் தேசிக்காய்ப்புளி ஒரு துளி விட்டுக் கூர்ந்து பாருங்கள், பொடிப்பொடியாகக் குமிழி எழும்பினால் அது சுண்ணாம்பு வகை, எடுத்து வையுங்கள். சந்தேகமென்றால் கத்தி நுனியால் கீறுங்கள், குவாட்ஸில் கீறல் விழாது. இனிமேல் முருகைக்கல்லைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், இதை உரிமையோடு கேட்கிறேன். அது நம் கரையைக் காக்கிற பொருள். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது.

மிச்சக் கற்களையும் பரலையும் நன்றாக அலசிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பரலில் மூன்றில் இரண்டு பங்காவது கல் இருக்க வேண்டும், தண்ணீர் மேல்வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். முதல் சில நாட்கள் தினமும் ஒருமுறை வெளியில் வைத்து, துணியால் மூடிப் பிடித்து, மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பழைய கூழைச் சிங்கிலோ கானிலோ ஊற்றாதீர்கள், அடியில் இறுகிக் குழாயை அடைத்துவிடும். வாளியில் தெளியவிட்டு அடிச்சேற்றை மண்ணில் புதையுங்கள். காயவிட்டுத் தூசாகப் பறக்கவும் விடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

இனி அந்தக் கறுப்புத் தூள். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். முதல் கட்டத்துக்குத் தேவை சிலிக்கன் காபைட் என்ற கல்லைத் தேய்க்கும் தூள், பைக்கற்றில் பெயரும் 60/90 என்ற மாதிரி தர இலக்கமும் (இலக்கம் கூடினால் தூள் நைசு) இருக்க வேண்டும், அடுத்த கட்டங்களுக்கு 120/220, பிறகு 500, கடைசி மெருகுக்குப் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட். உங்கள் பைக்கற்றில் எதுவும் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஒரு சிட்டிகையை நனைத்து இரண்டு வெள்ளைக் குவாட்ஸ் கற்களுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். சிலிக்கன் காபைட் என்றால் கரகரவென்று கடித்து இரண்டிலும் மங்கல் தடம் விடும். தடமே இல்லாமல் வழுக்கினால் அது வேறேதோ. புல்மோட்டைப் பக்கத்துக் கறுமணலும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும், ஆனால் அதில் நிறைய இருக்கும் இல்மனைற் என்ற கறுப்புக் கனிமத்தின் கடினம் 5 முதல் 6 வரைதான், குவாட்ஸை அது தேய்க்காது. பலமான காந்தத்தைக் காட்டினால் இல்மனைற் கூட்டமாக ஒட்டும், சிலிக்கன் காபைட் ஒட்டாது. காசு மிச்சம் என்று அந்த மணலைத் தூளாகப் பாவிக்கவும் வேண்டாம், அதிலுள்ள மொனசைற் என்ற கனிமத்தில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது.

சோதனையில் தூள் பிழையென்று தெரிந்தால் உங்கள் முறைப்பாடு மெசின் மேல் அல்ல, தூள் மேல். விற்றவரின் விளம்பரம், பில், பைக்கற்றின் படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, முதலில் அவருக்கே எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், விபரம் கேட்க 1977 இலக்கம் இருக்கிறது. கூழின் கதையை அதில் நீட்ட வேண்டாம். முருகைக்கல் போட்டது நீங்கள், அது விற்றவர் பொறுப்பல்ல.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா தன் பழைய கல் மெருகேற்றும் மெசினை அனுப்பட்டுமா என்கிறார். இங்கே ஓடுமா?
(சீனன்குடா வாசகி)

பதில்: மெசினின் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் பிள்ளை. 120 வோல்ற், 60 ஹேட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ற்றில் நேரே செருகிய உடனே மோட்டார் கருகும். ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ற் இறங்கும், ஆனால் நம் மின்சாரத்தின் 50 ஹேட்ஸ் அதிர்வெண் மாறாது, அதனால் அநேகமான மோட்டார்கள் கொஞ்சம் மெதுவாகச் சுற்றி அதிகம் சூடேறும். இந்த மெசின் இரவு பகலாக வாரக் கணக்கில் ஓட வேண்டியது, அந்தச் சூட்டோடு விட்டுவிட்டு நித்திரை கொள்ள நான் சொல்ல மாட்டேன். பரலை மட்டும் அனுப்பச் சொல்லி, 230 வோல்ற் மோட்டாரை இங்கே தேடிப் பூட்டுவது நல்லது.