ஃப்ரீ டெலிவரி என்றார்கள், வாசலில் 2,636 ரூபாய் வாங்கினார்கள்

கேள்வி: வக்கீல் சார், குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். பள்ளியிலிருந்து காவலூர் வானாய்வகத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து என் மகளுக்கு டெலஸ்கோப் பைத்தியம். வீட்டில் இருக்கிற சின்ன டெலஸ்கோப்புக்கு நல்ல ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஒன்று கேட்டாள். ஒரு வெளிநாட்டு வலைத்தளத்தில் ரூபாயிலேயே விலை போட்டு, 5,890, ஃப்ரீ டெலிவரி என்று இருந்தது. கார்டில் கட்டினேன். பத்து நாள் கழித்து கூரியரில் இருந்து ஆதார் கேட்டார்கள், அனுப்பினேன். பார்சல் வந்தபோது நான் கடையில் இருந்தேன். சுங்க வரி 2,046, கிளியரன்ஸ் 590, மொத்தம் 2,636 கொடுத்தால்தான் பார்சல் என்று வாசலில் நின்றிருக்கிறார்கள். என் மனைவி சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டாள். இது நியாயமா? பணம் திரும்ப வருமா? கிஃப்ட் என்று எழுதி அனுப்பியிருந்தால் வரியே இல்லை என்கிறார் சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான். போதாக்குறைக்கு, 'பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, 49 ரூபாய் கட்டவும்' என்று நேற்று ஒரு மெசேஜ் வேறு.

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2,046 ரூபாய் வரியை அரசிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, ஏனென்றால் அது முறையான வரி. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி இந்தியாவுக்குள் இறக்குமதியாகும் சரக்குக்கு வரி உண்டு. கப்பலில் கன்டெய்னராக வந்தாலும் சரி, கூரியரில் கைக்கு அடக்கமான டப்பாவாக வந்தாலும் சரி, அது இறக்குமதிதான். ஆர்டர் பட்டனை அழுத்திய நிமிஷத்தில் நீங்கள் ஒரு இறக்குமதியாளர் ஆகிவிட்டீர்கள். அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, வழக்கே அங்கேதான் இருக்கிறது.

5,890-க்கு 2,046 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போகிறதே என்று மலைப்பாக இருக்கும். கணக்கு இப்படித்தான் போகும். சுங்கத்துறை பொருளின் விலையை மட்டும் பார்க்காது, அனுப்பும் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்த்துத்தான் மதிப்பு போடும். உங்களுக்கு டெலிவரி ஃப்ரீயாக இருக்கலாம், விமானத்துக்கு ஃப்ரீ இல்லையே. அந்த மதிப்பின் மேல் சுங்க வரி, பிறகு மதிப்பையும் வரியையும் கூட்டி அதன் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி, ஆக வரிக்கும் வரி விழும். சொந்த உபயோகத்துக்கு வரும் பொருட்களுக்கான சுங்க வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது என்பதால், போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கட்டினார் என்பதை வைத்து ஒப்பிடாதீர்கள். கூரியர் கம்பெனியிடம் உங்கள் பார்சலுக்கான பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதிப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அதில் எந்த மதிப்பு, எந்த விகிதம் என்று இருக்கும். மதிப்பைத் தவறாகக் கூட்டிப் போட்டிருந்தால் 60 நாளுக்குள் சுங்க ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. ஆனால் இந்தத் தொகைக்கு அதற்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சென்னைக்கு இரண்டு தடவை போய் வந்தாலே கிடைக்கிற பணம் கரைந்துவிடும்.

அடுத்து அந்த 590. இது வரி இல்லை. உங்களுக்காக வரியை முன்பணமாகக் கட்டி, காகித வேலை பார்த்ததற்குக் கூரியர் கம்பெனி வாங்கும் கட்டணம். 500-ம் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90-ம் என்றுதான் தெரிகிறது. ஜிஎஸ்டி வாங்கினால் பில் கொடுத்தாக வேண்டும், வாசலில் கொடுத்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் பார்சல் எண்ணைக் குறிப்பிட்டு இன்றைக்கே ஒரு மெயில் போட்டு பில் கேளுங்கள். கொண்டுவந்த பையனிடம் சண்டை போட்டுப் புண்ணியமில்லை, அவர் கையில் இருக்கிற போன் காட்டுகிற தொகையை வாங்கிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான்.

சண்டை போட வேண்டிய இடம் வலைத்தளம். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள், விற்கிறவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அதில் டெலிவரி, தபால் மற்றும் கையாளும் செலவு, பொருந்தும் வரி எல்லாவற்றையும் பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. வெளிநாட்டுக் கம்பெனி என்று தப்பிக்கவும் முடியாது. இந்தியாவில் அலுவலகம் இல்லாவிட்டாலும் இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கிறவர்களுக்கு அந்த விதிகள் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ரூபாயில் விலை போட்டு, குடியாத்தம் பின்கோடை வாங்கிக்கொண்டு, ஃப்ரீ டெலிவரி என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு, சரக்கு இந்திய எல்லையில் வரிக்கு நிற்கும் என்று தெரியாதா என்ன? ஆரம்பத்தில் ஒரு விலையைக் காட்டி, பிறகு சொட்டுச் சொட்டாகச் செலவைச் சேர்ப்பதை 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் இணையதள உத்திகள்) வழிகாட்டு நெறிகளும் தடை செய்திருக்கின்றன.

இதற்கு அவர்கள் சொல்லப்போகும் பதிலையும் இப்போதே சொல்கிறேன், அப்போதுதான் தயாராக இருப்பீர்கள். 'வரியை வாங்கியது அரசு, நாங்கள் இல்லை, இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு என்று எங்கள் நிபந்தனையில் இருக்கிறது' என்பார்கள். ஆகவே முதல் வேலையாக ஆர்டர் செய்த பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பணம் கட்டும் திரையிலேயே, கண்ணில் படுகிற மாதிரி அந்த வாசகம் இருந்தால் உங்கள் வழக்கு இளைத்துவிடும். முப்பது பக்க நிபந்தனையில் பத்தொன்பதாவது பாராவில் பதுங்கியிருந்தால் நமக்கு நல்லது. 'வரி உட்பட' என்றோ டி.டி.பி. என்றோ எங்காவது போட்டிருந்தால் இன்னும் நல்லது, அதற்கு அர்த்தம் வரியை விற்கிறவரே கட்டிவிடுவார் என்பது. எது இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கே மாறலாம், மாறியும் பார்த்திருக்கிறேன்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பேனா நிப் ஒன்று வரவழைத்தேன், வாசலில் வரி கேட்டதும் ரோஷம் வந்து பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். 'வாங்க மறுத்தது நீங்கள்' என்று போக வர அனுப்பும் செலவைக் கழித்துக்கொண்டு, அந்தத் தளம் பாதிப் பணம்கூடத் தரவில்லை. ஆர்டர் செய்த அன்று நான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. சட்டம் படித்தவனின் லட்சணம் இது. அந்த வகையில் உங்கள் மனைவி பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கி வைத்ததே புத்திசாலித்தனம்.

சரி, இனி செய்ய வேண்டியது. தளத்தில் குறைதீர் அலுவலர் பெயரும் தொடர்பும் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு ஒரு மெயில் எழுதுங்கள். நீளமாக வேண்டாம்: 'மொத்த விலை 5,890 என்று காட்டினீர்கள். மேற்கொண்டு 2,636 ரூபாய் ஆகும் என்று தெரிந்திருந்தால் இங்கேயே வேறு கடையில் வாங்கியிருப்பேன். அந்தத் தொகையைத் தாருங்கள், அல்லது உங்கள் செலவில் பொருளை எடுத்துக்கொண்டு நான் செலவழித்த முழுத் தொகையையும் தாருங்கள்.' 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே உத்தரவு போட மாட்டார்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பேசுவார்கள், பாதி நேரம் அதிலேயே காரியம் முடிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் வழக்குத் தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்க வேண்டாம், என் ஃபீஸ் உங்கள் ஐபீஸைவிட அதிகம். ஆனால் ஒன்று. அந்தத் தளத்துக்கு இந்தியாவில் அலுவலகமோ கிளைக் கம்பெனியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் அதை நிறைவேற்ற ஆளைத் தேட வேண்டிவரும். அந்த நிலையில் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன் நான்.

நீங்கள் வியாபாரி என்பதால் ஒரு சந்தேகம். ஆர்டரில் கடைப் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் போட்டீர்களா? போட்டிருந்தால் 'இவர் நுகர்வோரே இல்லை, வணிக நோக்கத்துக்கு வாங்கினார்' என்று கிளப்புவார்கள். மகளுக்கு வாங்கியது என்று காட்ட முடியும்தான், ஆனால் வீண் இழுபறி. சொந்தப் பொருளை எப்போதும் சொந்தப் பெயரில், வீட்டு முகவரிக்கே வரவழையுங்கள்.

உங்கள் மச்சான் சொல்வது பழைய கதை. தபாலிலோ கூரியரிலோ கிஃப்ட் என்று வரியில்லாமல் வந்த காலம் 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ராக்கி கயிறுக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் இப்போது விலக்கு, மற்ற கிஃப்ட் எல்லாம் வரி கட்டித்தான் வர வேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லவும் சொல்லாதீர்கள், சரக்கும் போகும், அபராதமும் விழும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவர் ஊருக்கு வரும்போது, தன் பெட்டியில் போட்டு, பயணிகளுக்கான வரியில்லா வரம்புக்குள் கொண்டுவரட்டும், அதில் தப்பில்லை.

அந்த 49 ரூபாய் மெசேஜைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் பார்சல்தான் வீட்டுக்கு வந்துவிட்டதே, நிறுத்தி வைக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? 49 ரூபாய்க்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள், லிங்க்கில் நீங்கள் போடும் கார்டு எண்ணும் ஓடிபியும்தான் அவர்களுக்கு வேண்டும். வீட்டில் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள், கார்டையும் பிளாக் செய்யுங்கள்.

ஐபீஸை மகளிடம் கொடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், மேலே ஒட்டியிருக்கிற தாளில் அவர்கள் சுங்கத்துக்கு என்ன விலை சொன்னார்கள் என்று இருக்கும். அதையும் ஒரு போட்டோ எடுத்து மெயிலோடு இணையுங்கள்.