ஜோடி சேரும் குரோமோசோம்கள்: வாசகர் கேள்விகள்

லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன்... வரிசை குழம்புகிறது, சார். எப்படி மனப்பாடம் செய்வது? (பிளஸ் டூ மாணவி, குடியாத்தம்)

மனப்பாடத்தை விடும்மா. இவையெல்லாம் ஒடுக்கற்பிரிவின் (மியாசிஸ்), அதாவது விந்து, முட்டை, மகரந்தம் உருவாகக் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவின், முதல் கட்டத்தில் வரும் படிகள். என்ன நடக்கிறது என்று பார்த்தால் வரிசை தானாக வந்துவிடும். லெப்டோட்டீனில் குரோமோசோம்கள் மெல்லிய நூல்களாகத் தெரியத் தொடங்கும். டி.என்.ஏ. அதற்கு முன்பே இரட்டித்துவிட்டது, ஆனாலும் நூல் ஒற்றையாகத்தான் தெரியும். விடைத்தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சைகோட்டீனில் அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அப்பாவிடமிருந்து வந்ததும் ஜோடி சேரும். நடுவில் ஒரு புரத ஏணி ஜிப் மாதிரி மூடிக்கொண்டே போகும். பாக்கிட்டீனில் துண்டுகள் கைமாறும், அதுதான் குறுக்கேற்றம். டிப்ளோட்டீனில் ஏணி கழன்றுவிடும். ஜோடி விலகப் பார்க்கும், ஆனால் கைமாறிய இடங்கள் கயாஸ்மாக்களாகப் பிடித்து வைத்திருக்கும். டயாகைனசிஸில் எல்லாம் சுருண்டு தடித்துவிடும்.

46 குரோமோசோம்களில் தன் ஜோடி எதுவென்று ஒன்றுக்கு எப்படித் தெரியும்? (ஆசிரியர், காட்பாடி)

அருமையான கேள்வி. செல் தன் டி.என்.ஏ.வைத் தானே பல இடங்களில் வெட்டிக்கொள்கிறது! வெட்டுவது ஸ்போ11 என்ற புரதம். அறுந்த முனை, தன்னைப் போலவே எழுத்து வரிசை உள்ள டி.என்.ஏ.வைத் தேடிப்போய் ஒட்டும். அதைப் பார்த்துத்தான் வெட்டு சரிசெய்யப்படும். இதற்கிடையே குரோமோசோம்களின் நுனிகள் நியூக்ளியஸ் உறையின் ஒரு பக்கமாகக் குவிந்து, காம்பைச் சேர்த்துக் கட்டிய பூச்செண்டு போல ஆகும். தேடும் இடம் சுருங்குகிறது, அல்லவா?

இந்த ஒடுக்கற்பிரிவு ஆண், பெண் இருவருக்கும் ஒரே வயதிலா தொடங்குகிறது? (இல்லத்தரசி, ஆற்காடு)

இல்லை. ஆணுக்குப் பருவ வயதில். பெண்ணுக்கோ தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, டிப்ளோட்டீனில் நின்றுவிடும். முட்டை வெளிவரும் வரை, சிலவற்றுக்கு 40 வருடம்கூட, அதே நிலைதான். தாயின் வயது கூடும்போது குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) வரும் வாய்ப்பு கூடுவதற்கு இந்த நீண்ட காத்திருப்பும் ஒரு காரணம்.

எங்கள் முள்ளுக் கத்தரி மொட்டில் இதைப் பார்க்கலாமா? (விவசாயி, அணைக்கட்டு)

தாராளமாக. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் ஆயிற்றே! கத்தரிக்கு 24 குரோமோசோம்கள், அதாவது 12 ஜோடி. ஆனால் எல்லாம் ரொம்பப் பொடிசு. மிகச் சிறிய மொட்டாகக் காலையில் பறித்து, மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் போடுங்கள். மகரந்தப்பை மஞ்சளாகிவிட்டால் எல்லாம் முடிந்துபோயிருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது, இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ தொட்டிச்செடி. குரோமோசோம் 12தான், பெரிதாகவும் இருக்கும். ஆறு ஜோடியைக் காணோமே என்று பதற வேண்டாம்: அதில் துண்டுகள் இடம் மாறிப்போனதால், 12ம் நுனியோடு நுனி கோத்து வளையமாகவோ சங்கிலியாகவோ நிற்கும்.